நிக்காஹ் படம் இருட்டாவது ஏன்? கேமராவுக்குள் நடக்கும் மூன்று கணக்குகள்

நிக்காஹ் மஜ்லிஸில் ஈஜாப், கபூல் சொல்லப்படுவது ஒரே ஒரு முறைதான். மாப்பிள்ளை ஒப்புக்கொண்ட அந்த நொடி கடந்துவிட்டால், படம் சரியாக விழவில்லை என்பதற்காக அதைத் திரும்ப நடத்த முடியாது. ஆனால் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் அந்த இடத்தில் இருப்பது முகம் தெரியாத இருட்டுப் படம், கை அசைந்து கலங்கிய படம், அல்லது ஃபிளாஷ் அடித்து வெளிறிப்போன படம்.

பெரும்பாலும் இந்தக் குறை கேமராவின் விலையில் இல்லை. கேமராவில் ஒளியைக் கட்டுப்படுத்தும் மூன்று அமைப்புகள் உள்ளன. மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கு புரிந்தவர் சாதாரணக் கேமராவிலும் நல்ல படம் எடுப்பார். மஸ்ஜிதுக்குள் ஃபிளாஷ் அடித்து மற்றவர்களின் கவனத்தைக் கலைக்க வேண்டிய தேவையும் அவருக்குப் பெரும்பாலும் வராது. உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்டங்களை உலமாக்கள் விரிவாகப் பேசியுள்ளனர். அது தனித் தலைப்பு. இங்கே கருவி எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

குழாயும் குடமும்

ஒரு குடத்தைக் குழாயடியில் வைத்து நிரப்புவதை நினைத்துப் பாருங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்ற இரண்டும் சேர்ந்து குடத்தில் விழும் தண்ணீரைத் தீர்மானிக்கின்றன. அகலத் திறந்தால் சீக்கிரம் நிறையும். சிறிதாகத் திறந்தால் நேரம் பிடிக்கும். கேமராவில் குழாயின் திறப்பு அப்பெர்ச்சர். திறந்திருக்கும் நேரம் ஷட்டர் ஸ்பீடு. குடம் நிறைய நேரமில்லை என்றால் செம்பை வைக்கிறோம். செம்பும் நிறைந்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் குறைவு. ஐஎஸ்ஓவைக் கூட்டுவது குடத்துக்குப் பதில் செம்பை வைப்பது போன்றது.

முதல் கணக்கு: அப்பெர்ச்சர்

லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் துளையே அப்பெர்ச்சர். இதன் எண்கள் எஃப் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று செல்லும். எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். காரணம், லென்ஸின் குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவதே இந்த எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர். எஃப் 4 என்றால் 12.5 மில்லிமீட்டர். இந்த வரிசையில் ஒவ்வொரு படி நகரும்போதும் ஒளி பாதியாகக் குறைகிறது. இந்த ஒரு படியைப் புகைப்படக்காரர்கள் ஒரு 'ஸ்டாப்' என்பார்கள்.

துளை பெரிதானால் ஒளி அதிகம். ஆனால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். எஃப் 2இல் மாப்பிள்ளையின் முகம் தெளிவாக இருக்கும். சற்றுப் பின்னால் அமர்ந்திருக்கும் பெண்ணின் வலீயும் சாட்சிகளும் மங்கிப் போவார்கள். எஃப் 8இல் எல்லோரும் தெளிவாக இருப்பார்கள். ஆனால் ஒளி பதினாறில் ஒரு பங்குதான்.

துளையின் அளவுக்கும் பிம்பத்துக்கும் உள்ள உறவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் இப்னு அல்ஹைஸம். கி.பி. 965 வாக்கில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 வாக்கில் மறைந்தவர். ஒளியியலில் 'கிதாபுல் மனாழிர்' என்ற பெருநூலை எழுதியவர். கிரகணத்தின் வடிவம் பற்றிய தனிக் கட்டுரையில் அவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: பகுதியளவு கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் சூரிய பிம்பம் பிறை வடிவில் தெரிகிறது, துளை பெரிதானால் அந்தப் பிறை ஏன் மறைகிறது? பெரிய துளையின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிப் பிறையை விழச் செய்கிறது. அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து வடிவத்தை அழித்துவிடுகின்றன என்பது அதன் விளக்கம்.

கேமராவைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்றும், 'கேமரா' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்றும் நம் மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அறை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே அந்தப் பெயர். துளை வழியே பிம்பம் விழுவதும் அவருக்கு முன்பே சீனரும் கிரேக்கரும் கவனித்த ஒன்று. அதைச் சோதனையாலும் கணிதத்தாலும் ஆராய்ந்ததே அவருடைய சிறப்பு. உண்மையில் உள்ள அந்தப் பெருமையே நமக்குப் போதும்.

இரண்டாம் கணக்கு: ஷட்டர் ஸ்பீடு

ஒளி உள்ளே வரும் நேரம் 1/30, 1/60, 1/125, 1/250, 1/500 நொடி என்று அளக்கப்படுகிறது. இங்கும் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். நேரம் நீண்டால் ஒளி கூடும். ஆனால் அந்த நேரத்துக்குள் அசைந்ததெல்லாம் கலங்கும். அமைதியாக அமர்ந்திருப்பவர்களுக்கு 1/60 போதலாம். கையெழுத்துப் போடும் கைக்கும் கை குலுக்குவதற்கும் 1/125 வேண்டும். பெருநாள் திடலில் ஓடும் பிள்ளைகளுக்கு 1/500 நல்லது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் சில டியூப் லைட்டுகளும் எல்ஈடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு மாற்றுங்கள்.

மூன்றாம் கணக்கு: ஐஎஸ்ஓ

100, 200, 400, 800, 1600, 3200 என்று செல்லும் இந்த எண் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் படத்தின் வெளிச்சம் இரட்டிக்கும். ஆனால் இது புதிதாக ஒளி எதையும் கொண்டு வருவதில்லை. கிடைத்த கொஞ்ச ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரிகின்றன. ஆனாலும் இதற்கு அஞ்சி ஐஎஸ்ஓவைக் குறைத்தே வைப்பது தவறு. புள்ளிகள் உள்ள தெளிவான படத்தை ஓரளவு சரிசெய்யலாம்; அசைந்து கலங்கிய முகத்தை மீட்பது மிகக் கடினம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்

நல்ல விளக்கொளி உள்ள ஒரு மஸ்ஜிதின் உட்புறத்தை எடுத்துக்கொள்வோம். எஃப் 4, 1/60 நொடி, ஐஎஸ்ஓ 1600 என்று வைத்தால் வெளிச்சம் சரியாக வருகிறது. ஆனால் கைகள் கலங்குகின்றன. ஷட்டரை 1/125 ஆக்கினால் ஒரு ஸ்டாப் ஒளி போய்விடும். அதை ஈடுகட்ட இரண்டு வழிகள். ஒன்று, அப்பெர்ச்சரை எஃப் 2.8க்குத் திறப்பது, சாட்சிகள் சற்று மங்குவார்கள். மற்றொன்று, ஐஎஸ்ஓவை 3200 ஆக்குவது. புள்ளிகள் சற்றுக் கூடும். மூன்று படங்களிலும் வெளிச்சம் ஒன்றே. நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் வேறு. நிக்காஹ் மஜ்லிஸில் எல்லோர் முகமும் முக்கியம் என்பதால் இரண்டாவது வழியே மேல்.

திறந்தவெளிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் எஃப் 16 என்றால், ஐஎஸ்ஓ எண் எதுவோ அதன் கீழ் ஒன்றே ஷட்டர்: ஐஎஸ்ஓ 100க்கு ஏறத்தாழ 1/100 அல்லது 1/125. எஃப் 8க்கு வந்தால் இரண்டு ஸ்டாப் கூடுவதால் ஷட்டர் 1/500 ஆகும். பெருநாள் தொழுகை காலையிலேயே நடப்பதால் ஒளி இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்; அதற்கேற்ப ஓரிரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

வெள்ளை ஜிப்பாவும் கறுப்பு புர்காவும்

தானியங்கி முறையில் கேமரா, தான் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டே ஒளியை அளக்கிறது. வெள்ளை உடையில் நிறைந்திருக்கும் பெருநாள் திடலைக் கண்டால், ஒளி மிகுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடுகிறது. வெள்ளை அழுக்கேறிய சாம்பலாகிறது; முகங்கள் இருளுகின்றன. கறுப்பு புர்கா அணிந்த பெண்கள் சேர்ந்து நின்றால் நேர் எதிராக நடக்கும். ஒளியைக் கூட்டி முகங்களை வெளிறச் செய்துவிடும். வெள்ளை மிகுந்தால் +1, கறுப்பு மிகுந்தால் −1 என்று 'எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்' அமைப்பை மாற்ற வேண்டும்.

பெண்கள் பகுதியில் வீட்டுப் பெண்களே கைபேசியில் எடுப்பதுதான் வழக்கம். பெரும்பாலான கைபேசிகளில் அப்பெர்ச்சர் மாறாது. ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டுமே மாறும். திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டால் அந்த முகத்துக்கேற்ப ஒளி அளக்கப்படும். பல கைபேசிகளில் அப்போது ஒரு சூரியக் குறி தோன்றும். அதை மேலும் கீழும் நகர்த்துவதே இந்த +1, −1 கணக்கு.

நிலவைப் படமெடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டாக விழுவதும் இதனால்தான். சுற்றியுள்ள இருளை அளந்து கேமரா ஒளியைக் கூட்டிவிடுகிறது. நிலவின் மேல் விழுவதோ நேரடிச் சூரிய ஒளி. முழு நிலவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி போதும். மெல்லிய பிறைக்கு இதைவிட அதிக ஒளி தேவை. அதனால் ஸ்டாண்டும் தேவை.

படமெடுக்கும் பொறுப்பை ஏற்பவர் மஜ்லிஸுக்கு அரைமணி நேரம் முன்னதாக வந்து, மாப்பிள்ளை அமரும் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து இரண்டு மூன்று படங்கள் எடுத்துப் பார்க்கட்டும். முதலில் ஷட்டர் 1/125, பிறகு அப்பெர்ச்சர் எஃப் 4, கடைசியாக வெளிச்சம் சரியாகும் வரை ஐஎஸ்ஓ. குத்பா தொடங்குமுன் இதை முடித்து ஓரமாக அமர்ந்துவிட்டால், இன்ஷா அல்லாஹ், மஜ்லிஸும் கலையாது, படமும் வீணாகாது.