பெட்டி இருக்கிறது, சாவி எங்கே?

சரித்திரம் என்றால் ராஜாக்களின் சண்டைகள் மட்டுந்தான் என்று எண்ணிவிடக் கூடாது. நம் கண்ணெதிரே பிறந்து, வளர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் மறைந்துபோன சிறு பொருளுக்கும் சரித்திரம் உண்டு. ‘பிளக்-இன்’ என்னும் செருகுநிரலைத்தான் சொல்கிறேன்.

இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவிக்கு ஆரம்பத்தில் தெரிந்த வித்தை சொற்பம். 1993-ல் வந்த மொசைக் என்னும் உலாவி, எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியதே பெரிய அதிசயமாக இருந்தது. பாட்டோ சலனப்படமோ வந்துவிட்டால், கணினியிலுள்ள வேறொரு புரோகிராமைக் கூப்பிட்டு, “இதை நீ பார்த்துக்கொள்” என்று ஒப்படைத்துவிடும். அது தனி ஜன்னலில் திறந்துகொள்ளும்.

1996-ல் நெட்ஸ்கேப் கம்பெனி தன் உலாவியின் இரண்டாம் பதிப்பில் ஒரு யுக்தி செய்தது. எல்லா வகைக் கோப்புகளையும் திறக்க நாமே கற்றுக்கொள்வானேன்? கோப்பைச் செய்தவர்களே அதற்கான சாவியையும் செய்து நம்மிடம் செருகிவிடட்டுமே! ஏற்பாடு இதுதான்: கோப்பை அனுப்பும் சர்வர், அது இன்ன வகை என்று ஒரு குறிப்பையும் கூடவே அனுப்பும். உலாவி குறிப்பைப் படித்து, அந்த வகைக்குரிய செருகுநிரலை அழைத்து, பக்கத்தில் ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுக்கும். ஆள் இல்லாவிட்டால் புதிர்த்துண்டு போன்ற ஒரு சின்னந்தான் தெரியும்.

அப்புறம் கேட்கவேண்டுமா? அச்சுப் பக்கத்துக்கு அக்ரோபாட், பாட்டுக்கு ரியல் ஆடியோ, சலனப்படத்துக்குக் குயிக்டைம் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எல்லாரையும் மிஞ்சியது பிளாஷ். மேக்ரோமீடியாவிடம் வளர்ந்து, 2005-ல் அடோபி வசம் வந்த இந்தப் பிளாஷில், குழந்தைகளின் விளையாட்டுகளும் கேலிச்சித்திரங்களும் பாடங்களும் ஆயிரக்கணக்கில் உருவாயின.

ஆனால் வீட்டுக்குள் வந்த விருந்தாளிக்கு எல்லா அறைகளிலும் நுழைய உரிமை கிடைத்துவிட்டது! செருகுநிரலில் ஓட்டை இருந்தால், திருடன் அதன் வழியே கணினிக்குள் புகலாம். அப்படிப் பலமுறை புகுந்தும் இருக்கிறான். 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் பிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று பகிரங்கக் கடிதமே எழுதினார். 2015-ல் குரோம் உலாவி பழைய செருகுநிரல்களுக்குக் கதவை அடைத்தது. 2017-ல் ஃபயர்பாக்ஸும் பிளாஷ் ஒன்றைத் தவிர மற்றவற்றை வெளியேற்றியது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி பிளாஷைக் கைகழுவியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் கோப்புகள் ஓடாதபடி தடுத்தும்விட்டது.

பலருடைய உழைப்பு அன்றிரவு பூட்டிய பெட்டிக்குள் போய்விட்டது. கோப்பு அழியவில்லை, திறக்கத்தான் வழியில்லை. இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நூலகம், 2020 நவம்பரிலேயே ‘ரஃபிள்’ என்ற மாற்றுச் சாவியைக் கொண்டு பழைய பிளாஷ் படைப்புகளில் பலவற்றை ஓடவைக்கத் தொடங்கியது. அந்தப் புண்ணியவான்களை வாழ்த்துகிறேன்.

இதே அடோபியின் பி.டி.எஃப். மட்டும் எப்படிப் பிழைத்தது? அதன் அமைப்பு விவரத்தை 1993-லேயே வெளியிட்டுவிட்டார்கள். 2008-ல் அது சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. ஆகையால் யாரும் அதற்குச் சாவி செய்யலாம். 2013-ல் ஃபயர்பாக்ஸ் தானே ஒன்றைச் செய்துகொண்டு, அக்ரோபாட் செருகுநிரல் இல்லாமலே அதைத் திறக்கத் தொடங்கியது.

நேயர்களே, தாயாரின் குரலையும் குழந்தையின் மழலையையும் இன்று கோப்புகளில்தானே சேர்த்துவைக்கிறோம்? எத்தனை பிரதி எடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. இதைத் திறக்கும் வழி ஒரே ஒரு கம்பெனியிடம் இருக்கிறதா, ஊரறிந்த விஷயமாக இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். கம்பெனிக்கு லாபக் கணக்கு முக்கியம். நம் வீட்டு நினைவுகளைக் காப்பது அதன் வேலையன்று, நம்முடையது.