முரண் நிற்கும் இடம்: தேர்வு வினாவும் மணிமேகலையும்

திண்டுக்கல்லிலிருந்து சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் திருச்சியில் உள்ளது. அதில் சேர கிளாட் தேர்வு எழுத வேண்டும். அதன் தர்க்கப் பகுதி 2020 முதல் பத்தியைப் படித்து விடை சொல்லும் முறைக்கு மாறியது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்விலோ தர்க்க வினாக்களுக்கு இன்னும் கூடுதல் எடை. 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டதால், மதிப்பெண்ணில் பெரும்பங்கு இப்போது இவற்றின் கையில்தான். இந்த வினாக்களில் ஒரு தனி வகை உண்டு. இருவர் மாறி மாறிப் பேசுவார்கள். இவர்கள் எதில் மாறுபடுகிறார்கள் என்று கேட்பார்கள். பார்க்க எளிது, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே தடுமாறும் இடம் இது.

நம் ஊர்ச் சரக்கையே வைத்து ஒரு வினா அமைத்துப் பார்ப்போம்.

முதலாமவர்: “அலிகார் பூட்டு மலிவாக வந்து குவிந்ததால்தான் திண்டுக்கல் பூட்டு படுத்துவிட்டது. அரசு அலுவலகங்களுக்கு நம் பூட்டைத்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் தொழில் மீண்டுவிடும்.”

இரண்டாமவர்: “அலிகார் பூட்டு மலிவுதான், யார் இல்லை என்றது? ஆனால் பட்டறையில் வந்து உட்கார இளவட்டங்கள் யாரும் தயாராக இல்லை. மாங்காய்ப் பூட்டைக் கையால் அராவிச் செய்ய ஆளில்லாதபோது, உத்தரவு போட்டாலும் தொழில் மீளாது.”

நான்கு விடைகள்: அ) அலிகார் பூட்டு விலை குறைந்ததா, ஆ) இளைஞர்கள் பட்டறைக்கு வருகிறார்களா, இ) 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு விற்பனையைக் கூட்டியதா, ஈ) அரசு கொள்முதல் உத்தரவு தொழிலை மீட்குமா.

பலருடைய கை ‘ஆ’ பக்கம் போகும். இரண்டாமவர் பேச்சில் சூடு அங்கேதான் இருக்கிறது. ஆனால் இளைஞர்களைப் பற்றி முதலாமவர் வாயே திறக்கவில்லை. அவர் ஆமென்பாரா இல்லையென்பாரா என்று சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. ‘அ’வில் இருவரும் ஒரே பக்கம். ‘இ’யை இருவருமே தொடவில்லை. ‘ஈ’யில் மட்டும் ஒருவர் மீளும் என்கிறார், மற்றவர் மீளாது என்கிறார். ஆகவே ஒவ்வொரு விடைக்கும் இரண்டே கேள்வி போதும்: இதில் முதலாமவருக்கு நிலைப்பாடு உண்டா, இரண்டாமவருக்கு உண்டா? இரண்டும் இருந்து, எதிரெதிராகவும் இருந்தால் அதுவே விடை. சத்தம் எங்கே அதிகம் என்று பார்ப்பவர் இந்த வினாவில் தோற்பார்.

இப்போது மணிமேகலைக் காப்பியத்துக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஒன்றும் தூரமில்லை. காப்பியத்தைப் பாடிய சாத்தனார் அந்த ஊர்க் கூலவாணிகர். முப்பது காதைகளில் இருபத்தொன்பதாவது முழுக்க முழுக்க ஒரு தர்க்கப் பாடம். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பிய நாயகி மணிமேகலைக்குப் பௌத்த அளவையைச் சொல்லிக்கொடுக்கிறார். நிலைநாட்ட எடுத்துக்கொள்ளும் கூற்று பக்கம், அதற்குக் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். ஒவ்வொன்றும் எப்படிப் பழுதாகும் என்று பட்டியலும் தருகிறார். கதைச்சுவை தேடி வருபவர்கள் தாண்டிப் போய்விடும் பகுதி இது. தமிழில் இத்தனை கறாரான வாதப் பாடத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பழுதான பக்கத்துக்குப் பக்கப்போலி என்று பெயர்; அவை ஒன்பது. முதல் ஐந்தும் கூற்று எதனோடாவது மோதுவதால் வருபவை: கண்கூடான காட்சி, அனுமானம், தன் சொல், உலக வழக்கு, தன் ஆகமம். கடைசி நான்கும் எதிராளியை நோக்கியவை. நமக்கு வேண்டியவை அவைதான். அவற்றில் ஒன்பதாவதாக வருவது, எதிரி ஏற்கெனவே ஒப்புக்கொண்டதையே அவனிடம் நிறுவப் புறப்படுவது. ஒலி நிலையற்றது என்று ஒருவன் பௌத்தனிடம் வாதிட்டால் அது வீண் வேலை. பௌத்தனின் கொள்கையே அதுதான். நம் வினாவில் ‘அ’ விடை விழுவதும் இதே குழியில். உடன்பாடு இருக்கும் இடத்தில் வாதம் இல்லை என்பதில் தேர்வும் காப்பியமும் கைகோத்து நிற்கின்றன.

மற்ற மூன்றில்தான் இரண்டும் பிரிகின்றன. சாங்கியனிடம் போய் ஒலி அழியும் என்கிறான் பௌத்தன். எதுவுமே அடியோடு அழிவதில்லை என்பவன் சாங்கியன். ‘அழியும்’ என்பதே அவன் கணக்கில் இல்லை. ஆன்மாவுக்கு அறிவு உண்டு என்று சாங்கியன் பௌத்தனிடம் சொன்னால், ஆன்மா என்ற பொருளையே பௌத்தன் ஏற்பதில்லை. வைசேடிக நெறியினன் சொல்லும் ஒரு கூற்றிலோ எழுவாயும் பயனிலையும் இரண்டுமே பௌத்தனுக்கு அந்நியம். இங்கெல்லாம் இருவரும் மாறுபடுவதுபோல் தெரியும். ஆனால் பொதுவாக நிற்கத் தரையே இல்லை. வாதம் தொடங்கவே இல்லை.

தேர்வு இந்தச் சோதனையைச் செய்வதில்லை. இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால் ஒரே பொருளில்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. நம் வினாவில் ‘தொழில் மீளும்’ என்பதை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். முதலாமவருக்கு அது பட்டறைக்கு ஆர்டர் வருவது. இரண்டாமவருக்கு அடுத்த தலைமுறை அரத்தைக் கையில் எடுப்பது. அப்படியானால் ‘ஈ’யில்கூட மெய்யான முரண் இருக்கிறதா? தேர்வுக்கு ‘ஈ’தான் சரி, மதிப்பெண்ணும் உண்டு. அறவண அடிகளோ இருவரையும் உட்காரவைத்து, முதலில் ‘மீளுதல்’ எது என்று தீர்த்துக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. பட்டிமன்றப் பேச்சாளர் திண்டுக்கல் லியோனியின் பெயரிலேயே ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பாட்டா புதிய பாட்டா என்று ஒரு மேடை போட்டால், ஓர் அணி வரிகளின் கவித்துவத்தைச் சொல்லும், மற்ற அணி ஆடவைக்கும் தாளத்தைச் சொல்லும். ‘நல்ல பாட்டு’ எது என்பதில் பொதுத்தரை இல்லாமலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். கேட்க இனிமையாக இருக்கும், இருக்கட்டும். ஆனால் அந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே எழுப்பும் நடுவர் அமைந்தால் அந்த மேடைக்குத் தனி மதிப்பு வரும்.

இன்னொரு வேறுபாடு மௌனத்தைப் பற்றியது. தேர்வில் ஒருவர் சொல்லாதது அவருக்கு இல்லாத கருத்து. வெளியறிவைக் கொண்டுவந்தால் விடை தவறும். மணிமேகலையில் பௌத்தன் வாய் திறக்க வேண்டியதில்லை. அவன் சமயம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் அவனோடு வாதிடப் போவதே பிழை. வாதத்துக்கு முன்பே எதிராளியைப் படித்திருக்க வேண்டும் என்ற இந்தக் கடமையை நான் மிகவும் மதிக்கிறேன். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் நான்கு பத்தி வாசிப்போடு இந்தக் காதையையும் ஒருமுறை படிக்கலாம்.

இதே மாணவர்கள் பிறகு கறுப்பு அங்கி போட்டுத் திண்டுக்கல் நீதிமன்றத்தில் நிற்கும்போது மூன்றாவது ஒரு விதியைச் சந்திப்பார்கள். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 14ஆம் கட்டளைப்படி, வழக்கின் முக்கியக் கூற்று ஒன்றை ஒரு தரப்பு வலியுறுத்தி மறுதரப்பு மறுக்கும்போதுதான் எழுவினா, அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி, பிறக்கிறது. இது அப்படியே தேர்வின் இரண்டு கேள்விதான். ஆனால் 8ஆம் கட்டளை மௌனத்தை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது: வழக்குரையில் சொன்னதை எதிருரையில் குறிப்பாக மறுக்காவிட்டால், பொதுவாக அது ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். தேர்வறையில் ‘கருத்தில்லை’ என்று எண்ணப்பட்ட அதே மௌனம், இங்கே கட்சிக்காரரின் நிலத்தையே பறித்துவிடக்கூடும்.