ஓமர் லிட்டிலின் மரணமும் பழியின் நியாயமும்

குற்றவாளிகளின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட நாடகங்களில், பழிவாங்கப் புறப்பட்டவன் அப்பழியாலேயே மாய்வது நீதியின் வெற்றி என்று கொள்வது ரசிகர்களின் வழக்கமாயினும், பால்டிமோர் நகரத்தைக் களமாகக் கொண்டு டேவிட் சைமன் படைக்க, 2002 முதல் 2008 வரை எச்.பி.ஓ. ஒளிபரப்பிய ‘தி வயர்’ தொடரில் ஓமர் லிட்டில் என்னும் பாத்திரம் மடியும் விதத்தை நுணுகி ஆராய்வோர்க்கு அக்கொள்கை போதாது என்பது புலனாகும்.

ஓமர், போதைப்பொருள் வணிகரையே கொள்ளையிட்டுப் பிழைப்பவன். பழி அவனுக்குப் புதிதன்று. தன் காதலன் பிராண்டனைச் சித்திரவதை செய்து கொன்ற பார்க்ஸ்டேல் கூட்டத்தின்மீது அவன் கொண்ட வஞ்சம், மூன்றாம் பருவத்தில் அக்கூட்டத்தின் தலைவருள் ஒருவனான ஸ்ட்ரிங்கர் பெல்லின் கொலையில் நிறைவேறியது. பழியுணர்ச்சி ஒன்றே மரண ஹேதுவாயின் அவன் அப்பொழுதே மாண்டிருக்க வேண்டுமே!

ஐந்தாம் பருவத்தில் நேர்வது வேறு. போர்ட்டோ ரிக்கோவில் ஒதுங்கி வாழும் அவனை வெளியே இழுப்பதற்காகவே, அவனுக்கு மந்திரியும் பொக்கிஷக்காரனுமாய் இருந்த, கண்பார்வையற்ற புட்சியைப் போதைப்பொருள் கூட்டத் தலைவன் மார்லோ ஸ்டான்ஃபீல்டின் ஆட்கள் வதைத்துக் கொல்கின்றனர். நிதானம் சொல்ல இனி ஒருவரும் இல்லை. கொலைத் தொழிலை விட்டொழிப்பதாகத் துப்பறியும் அதிகாரி பங்க்குக்குத் தந்த வாக்கை மீறுகிறான். பதுங்கியிருந்து தாக்கியவர்களிடமிருந்து தப்ப மாடியிலிருந்து குதித்துக் கால் ஒடிந்த பின்னும், ஊன்றுகோலுடன் தெருத்தெருவாய்ச் சென்று மார்லோவைப் பெயர் சொல்லிப் போருக்கு அழைக்கிறான். கொள்ளையே ஜீவனமாகக் கொண்ட ஒருவன், கைப்பற்றிய பணத்தைத் தீக்கிரையாக்கும் காட்சியையே அவனுடைய மரணத்தின் ஆரம்பமென்று நான் கருதுகிறேன். வேவு, மறைவு, பொறுமை என்பன அவன் வித்தையின் அங்கங்கள். பழி அவற்றை ஒவ்வொன்றாய் உதறச் செய்தபின், அவனிடம் எஞ்சியது அவன் பெயர் மட்டுமே.

அப்பெயருக்கு அஞ்சாதவன் கெனார்ட் என்னும் சிறுவன். நொண்டி நடக்கும் ஒரு மனிதனையே அவன் காண்கிறான். சிகரெட் வாங்கக் கடைக்குள் நின்ற ஓமரைப் பின்னிருந்து சுட்டுவிடுகிறான். ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் கஸ் ஃபிரிங்கோ, 2011-இல் ஒளிபரப்பான பகுதியில், தான் வஞ்சம் தீர்க்கச் சென்ற ஹெக்டர் சாலமன்காவின் கையாலேயே மடிகிறான். அங்கே வினையும் பயனும் ஒரே அறையில் சந்திக்கின்றன. சைமன் அந்தச் சந்திப்பை மறுத்துவிட்டார். (பார்வையாளருள் பலர் அவர்மீது கொண்ட கோபத்துக்கு இதுவே காரணம் என்பேன்.) மேலும், ஓமருக்கு மாதிரியாய் அமைந்தோருள் ஒருவரான டானி ஆண்ட்ரூஸ், சிறைத் தண்டனைக்குப் பின் திருந்தி வாழ்ந்து, இத்தொடரிலேயே ஓமரின் கூட்டாளியாகவும் நடித்து, 2012-இல்தான் காலமானார். ஆதலின் இம்மரணம் வாழ்க்கை வரலாற்றிலிருந்து பெறப்பட்டதன்று.

கிரேக்கத் துன்பியலில் தேவதைகள் வகித்த இடத்தை இத்தொடரில் நகரத்தின் ஸ்தாபனங்கள் வகிக்கின்றன என்பது சைமனே கூறிய விளக்கம். அவற்றின் கணக்கில் தனிமனிதனின் வஞ்சத்துக்கு மதிப்பில்லை. ஓமரின் மரணச் செய்தி பத்திரிகையில் இடம் பெறாமல் விடப்படுகிறது. பிணவறையில் பெயர்ச்சீட்டு மாறிக் கிடக்கிறது. மார்லோவோ, தன்னைத் தெருவில் ஒருவன் அறைகூவி அழைத்தான் என்பதையே அவன் இறந்தபின், சிறையில் இருக்கும்பொழுதுதான் கேள்வியுறுகிறான். பின்னர் வழக்கினின்றும் விடுபட்டு வெளியேறுகிறான்.