வெள்ளத்தில் மூச்சடக்கிய நெல்

முற்றாக நீரில் மூழ்கிய நெற்பயிர், தலையை வெளியே நீட்டுதற்கு விரைந்து வளர்கின்றது. அம்முயற்சியிலே சேமித்த உணவெல்லாம் தீர்ந்து, வெள்ளம் வடியுமுன்னரே மடிகின்றது. ஒடிசா உழவர் பேணிய பழைய நெல்லொன்றிலிருந்து தெரிந்தெடுத்த எப். ஆர். 13ஏ என்னும் இனமோ, வளர்ச்சியை அடக்கி இரு வாரமளவும் பொறுத்திருக்கும். இலங்கையின் கொட ஹீனட்டியும் வெள்ளந்தாங்கும் இனமே. ஆனால் எப். ஆர். 13ஏயின் விளைச்சல் சொற்பம். நல்லினங்களோடு அதனைக் கலந்தபோது, வேண்டிய குணத்துடன் வேண்டாதனவும் ஒட்டிவந்தன.

1996இல் கெனொங் சூ, டேவிட் மக்கில் ஆகிய இருவரும் அக்குணத்தின் இருப்பிடத்தை ஒன்பதாம் நிறமூர்த்தத்திற் குறித்தனர். 2006இல் அதற்குரிய பரம்பரையலகும் இனங்காணப்பட்டது. அதனை அடுத்துள்ள டி.என்.ஏ. அடையாளங்களைச் சிறு இலைத்துண்டிலேயே கண்டறியலாம்; ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றை அமிழ்த்திப் பார்க்க வேண்டியதில்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், ஆந்திரத்திலே தோன்றிய ஸ்வர்ணா நெல்லுடன் மீண்டும் மீண்டும் கலந்து, அடையாளந் தாங்கிய நாற்றுக்களையே வைத்துக்கொண்டனர். 2009இல் ஸ்வர்ணா-சப்1 இந்திய உழவர் கைக்கு வந்தது.

விளைச்சலிற் குறைவில்லை. எனினும் அயலிலிருந்த ஓர் அலகு விடாப்பிடியாக உடன்வந்துவிட்டது. ஸ்வர்ணாவின் பொன்னிற உமி வைக்கோல் நிறமாயிற்று. விதை வாங்கும் உழவர் இரண்டையும் பிரித்தறிவது இந்நிறத்தைக் கொண்டே.