கொத்தவரங்காயும் இசப்கோலும் கொஞ்சம் சரித்திரமும்

சால்ட் லேக்கில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் கூடினால், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் மலச்சிக்கல் பேச்சு வராமல் போகாது (சிரிக்காதீங்க!). கூடவே ஒரு நார்ச்சத்துப் பவுடர் டப்பாவும் வரும். அதன் பின்பக்கம் சைலியம், குவார் கம், இனுலின் என்று வாயில் நுழையாத பெயர்கள். "இதெல்லாம் கெமிக்கலா சார்?" என்று கேட்பார்கள்.

சைலியம் வேறொன்றுமில்லை, இசப்கோல்தான். பாரசீக மொழியில் 'குதிரைக் காது' என்று அர்த்தம். விதை அந்த வடிவம். 1810-ல் ஜான் ஃபிளெமிங் என்ற டாக்டர் இந்திய மருந்துச் செடிகளின் பட்டியலை இதே கல்கத்தாவில், 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழில் வெளியிட்டார். சிப்பூர் தாவரவியல் தோட்டத்து ராக்ஸ்பர்க் வைத்த பெயரோடு இசப்கோல் அதில் இருக்கிறது. குவார் கம் நம்ம கொத்தவரை விதையின் மாவு. லேபிளில் 412 என்ற எண்ணாகவும் வரும். இனுலின் பெரும்பாலும் காபியில் கலக்கும் சிக்கரியின் வேரிலிருந்து எடுப்பது.

அப்போ பயமே வேண்டாமா? அங்கேதான் விஷயம்.

அமெரிக்காவில் எடை குறைய என்று குவார் கம் மாத்திரை விற்றார்கள். வயிற்றில் உப்பிப் பசியை அடக்கும் என்பது கணக்கு. சிலருக்கு அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டது. 1990-ல் அரசு தலையிட்டது. குடல் அடைப்பையும் சேர்த்து 26 பேரின் பாதிப்புகளை அலசிய மருத்துவக் கட்டுரை 1992-ல் வந்தது. 1993-ல், இசப்கோல் உட்பட இந்த வகை மருந்துகளில் 'போதிய தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டால் தொண்டை அடைக்கலாம்' என்ற எச்சரிக்கையைக் கட்டாயமாக்கினார்கள்.

2007-ல் இன்னொரு கதை. இந்தியாவிலிருந்து ஐரோப்பா போன குவார் கம்மில் டையாக்சினும், பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியும் அகப்பட்டன. மறு வருஷமே ஒவ்வொரு சரக்குக்கும் ஆய்வகச் சான்று கேட்டார்கள். கொத்தவரை மேல் தப்பில்லை. வந்த வழியில் தப்பு.

பேங்கில் பெயரைப் பார்த்து மட்டும் கடன் கொடுப்பதில்லை. பூர்வீகத்தையும் நடத்தையையும் பார்ப்போம். இதற்கும் அதேதான். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதித் தேதி இல்லாத டப்பா வேண்டாம். ஒவ்வொரு தடவையும் முழு டம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீர். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி. விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதீங்க.