குழாய்க்குள் நடந்த கதை

குழாயைத் திறந்ததும் சில நாட்களில் குப்பென்று மருந்து வாடை அடிக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டுப் போகிறோம். அந்தக் குளோரினை 1908-ஆம் வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரத்துக் குடிநீரில் ஜான் லீல் என்ற டாக்டர் கலந்தபோது யாரிடமும் அநுமதி கேட்கவில்லை. நீரின் சுத்தத்தைப் பற்றி அப்போது நடந்துகொண்டிருந்த வழக்கில் அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். இந்தத் தண்ணீரை உமது மனைவி மக்களுக்குக் கொடுப்பீரா என்று வக்கீல் மடக்கினார். உலகத்திலேயே பத்திரமான நீர் இதுதான் என்று லீல் அடித்துச் சொன்னார். வழக்கில் அவர் பக்கமே ஜெயித்தது. அதன் பிறகு டைபாயிடும் காலராவும் ஊர் ஊராகப் பின்வாங்கியதை உலகம் கண்டது. அந்த மனிதருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி வருவது குளோரினின் மறுபக்கம்.

ஹாலந்தில் ராட்டர்டாம் நகரத்துக் குடிநீர் நிலையத்தில் ஜோஹன்னஸ் ரூக் என்றொரு ரசாயன நிபுணர் இருந்தார். மூடிய பாத்திரத்தில் திரவத்துக்கு மேலே தங்கும் ஆவியைப் பிடித்துச் சோதிப்பது ஒரு முறை. பீரின் மணத்தை ஆராய்கிறவர்களுக்குப் பழக்கமானது. அதைக் குடிநீரில் பிரயோகித்தார் ரூக். குளோரின் கலந்து சுத்தம் செய்த நீரில் குளோரோபாரம் இருந்தது! ஒரு காலத்தில் ஆபரேஷனுக்கு முன் நோயாளியை மயக்கினார்களே, அதேதான். அதை யாரும் கொட்டவில்லை. இலையும் சருகும் மட்கி ஆற்றுநீருக்குப் பழுப்பு நிறம் தருகின்றன அல்லவா? அந்தச் சாரத்தோடு குளோரின் கூடியதில் பிறந்த குழந்தை அது. 1974-இல் ரூக் இதை வெளியிட்டார்.

நீர் நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. குழாயில் போகப் போக மிச்சக் குளோரின் மிச்சச் சாரத்தோடு கூடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நிலையத்துக்குப் பக்கத்து வீட்டைவிடக் கடைக்கோடி வீட்டில்தான் பெரும்பாலும் இந்தச் சரக்கு அதிகம். எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் குளோரோபாரம் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று 1976-இல் அமெரிக்கப் புற்றுநோய் ஸ்தாபனம் அறிவித்தது. 1979-இல், குளோரோபாரமும் அதன் உறவுப் பொருள்களும் சேர்ந்து லிட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. 1998-இல் அதை 80 ஆகக் குறைத்தார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. குளோரினோடு அமோனியாவைச் சேர்த்தால் குளோரமின் கிடைக்கும். சாதுவான சரக்கு, குளோரோபாரத்தை அவ்வளவாக உண்டாக்காது. 2000 நவம்பரில் வாஷிங்டன் நகரம் இதற்கு மாறிற்று. கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த ஊரில் தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் போகும் பழைய குழாய்கள் பல, ஈயத்தால் ஆனவை. வீரியமுள்ள குளோரின் இருந்தவரை ஈயத்தின் மேல் கெட்டியான ஒரு செதில் படிந்து காவல் நின்றது. சாதுவான குளோரமின் வந்ததும் காவல் கரைந்தது. ஈயம் நீரில் இறங்கிற்று. குளோரோபாரமாவது கொதிக்க வைத்தால் ஆவியாகப் போய்விடும். ஈயம் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். புட்டிப்பாலுக்கு வெந்நீர் காய்ச்சிய தாய்மார்களை நினைத்துப் பார்க்கிறேன்.

2004 ஜனவரி முடிவில் பத்திரிகை ஒன்று விஷயத்தை உடைத்தது. சோதித்தவற்றுள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஈயம், லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அதுவரை ஜனங்கள் அந்த நீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். ரசாயனம் ஏமாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும். தெரிந்த பிறகும் உரக்கச் சொல்லாதது யார் குற்றம்? அந்த வருஷமே, பெரிய தீங்கு இல்லை என்று அர்த்தம் கொள்ளும்படி நோய்த் தடுப்பு இலாகா ஓர் அறிக்கை விட்டது. 2004 ஆகஸ்டிலிருந்து நீரில் பாஸ்பேட் கலந்தார்கள். ஈயத்தின் மேல் புதிய படலம் படிந்தது, அளவு மெல்ல இறங்கிற்று.

2009-இல் மார்க் எட்வர்ட்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ரத்தச் சோதனைக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தார்கள். நீரில் ஈயம் மிகுந்த பேட்டைகளில், அந்த வருஷங்களில், கைக்குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் கூடியிருந்தது. இலாகாவின் பழைய அறிக்கை குறையுள்ள கணக்கை வைத்து எழுதியது என்று 2010-இல் அமெரிக்கக் காங்கிரஸின் ஒரு துணைக் கமிட்டி தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.