விருத்தாசலத்தின் பொதுச் சூளை

விருத்தாசலம் பீங்கான் நகரமானதற்கு நெய்வேலி மண்ணைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1957இல் நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்காகத் தோண்டிய மேலடுக்குகளிலேயே வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. ஆனால் மண் கிடைக்கும் இடமெல்லாம் தொழில் ஊராகிவிடுவதில்லை. குஜராத்தின் மோர்பிக்கு ராஜஸ்தானிலிருந்து லாரி லாரியாகக் களிமண் போகிறது, ஆனாலும் நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பங்கு அந்த ஊருடையதுதான். விருத்தாசலத்தில் கையில் பெரிய முதல் இல்லாதவர்களும் பீங்கான் தொழிலில் இறங்க முடிந்ததென்றால், அரசு அமைத்த பீங்கான் நிலையமும் தொழிற்பேட்டையும் தொழில்நுட்பக் கல்லூரியும்தான் அதற்கு வழி திறந்தன. மண் இயற்கை தந்தது. பலரும் பயன்படுத்தும் சூளை பொதுப் பணத்தில் வந்தது. ஊரின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம்.

பீங்கான் பொம்மை செய்யும் வேலையைப் பார்த்தாலே இது விளங்கும். தண்ணீரில் கரைத்த மண்கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் தோலாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகியபின் அச்சைப் பிரித்து, இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவைக்கிறார்கள். இதுவரைக்கும் ஒரு கொட்டகையும் நாலு பேரின் கைப்பழக்கமும் போதும். அடுத்த கட்டம்தான் ஆளைச் சாய்ப்பது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறும் சூளையைத் தனியாகக் கட்ட ஒரு சிறு உற்பத்தியாளரால் ஆகாது. கட்டினாலும் அவருடைய சரக்கில் சூளை நிறையாது. பாதி காலியாக இருக்கும் சூளைக்கும் ஏறக்குறைய அதே எரிபொருள்தான் செலவாகும். பலருடைய சரக்கைச் சேர்த்து வேகவைத்தால்தான் கட்டுப்படியாகும். சிறு தொழிலுக்குப் பொதுச் சூளை ஏன் உயிர்நாடி என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

விருத்தாசலத்தில் இந்தத் தொழில் இப்போது நலிந்திருக்கிறது. அது பிளாஸ்டிக்கால்தானே, பொதுவசதிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டு மின்பெட்டியில் பீங்கான் ஃப்யூஸ் இருந்த இடத்தில் இன்று தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறது. விருத்தாசலத்தில் செய்த கழிவுநீர்க் குழாய்களின் இடத்தைப் பி.வி.சி. குழாய் பிடித்துக்கொண்டது. ஆனால் சந்தை மாறும்போது புதுப் பொருளுக்குத் தாவ வேண்டுமானால் புது அச்சும் புது மெருகுக் கலவையும் சோதனைக்கூடமும் வேண்டும். அதைத் தனியாகச் செய்துகொள்ளச் சிறு பட்டறைக்கு வலு ஏது? மோர்பியில் நிலக்கரி வாயு உலைகளைப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் தடை செய்தபோது, அங்குள்ள ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற முடிந்தது, ஊர்வரை குழாய் வந்திருந்ததால். போட்டி கடுமையாகும் காலத்தில்தான் பொதுவசதியின் அருமை கூடுகிறது.

பீங்கானுக்கு முந்தைய விருத்தாசலமும் இப்படித்தான் வளர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த பழமலைநாதர் கோயில், விழுப்புரம்–திருச்சி ரயில்பாதையைக் கடலூர்–சேலம் பாதை சந்திக்கும் ஜங்ஷன், மல்லாட்டை எனும் நிலக்கடலையும் நெல்லும் உளுந்தும் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என எல்லாமே பலரும் கூடிப் பயன்படுத்தும் இடங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்த நகராட்சியின் மக்கள்தொகை எழுபதாயிரத்தைத் தாண்டியதற்கு இவற்றின் பங்கு பீங்கானின் பங்கைவிடக் குறைந்ததல்ல என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஊரின் வளர்ச்சி என்றாலே தகுதி உயர்வு என்று இன்று நினைக்கிறோம். 2021இல் விருத்தாசலம் இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடியும் வடலூரும் நகராட்சிகளாயின. தகுதி உயர்ந்தால் நிதி வரும், நிதி வந்தால் வசதி வரும் என்பது அதற்கான வாதம். தகுதியால் நிதி மாறும் என்பதை மறுக்க முடியாது. 2004இல் தமிழகத்தின் 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கியதே கிராமங்களுக்கான மத்திய நிதியைப் பெறத்தான். 2006இல் அவை மறுபடி பேரூராட்சிகளாயின. ஆனால் இரண்டே ஆண்டில் இப்படி முன்னும் பின்னும் மாற்றிவிட முடிகிற ஒன்றை ஊரின் வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் வந்துவிடாது. அதனால்தான் நகராட்சியோடு இணைக்கப்படும் கிராமத்தார் ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று எதிர்க்கிறார்கள். அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. இழக்கப்போவது எது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். கிடைக்கப்போவதைத்தான் யாரும் சொல்வதில்லை. விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் குளத்தில் எடுத்தது இறையருளால் என்பது புராணம். இங்கே வரி கட்டுகிறவர் பலனை வேறெங்கோ போய்த் தேட முடியாது. ஆகவே வரியை உயர்த்தும் முன் எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டில் வடிகால், எந்த ஆண்டில் குடிநீர், சந்தைக்கு எப்போது கூரை என்று நகராட்சி எழுத்தில் தர வேண்டும். ஊரக வேலைத் திட்டத்தை இழக்கும் குடும்பங்களுக்கு நகர்ப்புற வேலைத் திட்டத்தில் முதலிடம் தர வேண்டும்.